கிரீஸ் தடவிய குழாய்

புதுப்பட்டினம்
02.07.2024

குமாரு,

உன் நம்பரை பிளாக் செய்தது நான்தான், உன் மாமா இல்லை. போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குக் குமட்டிவிடும். அதனால்தான் காகிதம். நீ வேலை செய்யும் ரேடியேட்டர் கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

ஊரில் யார் யாரிடமோ விசாரித்தாயாமே. நானே சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை விடியற்காலை உன் மாமா மீன் லோடு ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினான். பக்கத்து சீட்டில் வச்சலா அக்கா. பத்து வருஷமாக அவள் மீன் கூடை இந்த வண்டியில்தான் போகிறது. திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால், ஏரிக்கரை வளைவு தாண்டி, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று. மாரி அதை முந்த வலது பக்கம் ஏறினான். பாதி முந்தும்போது எஞ்சினில் 'புஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், வண்டி செத்துப்போனது. மிதிக்கிறான், இழுக்கவில்லை. எதிரே கல்பாக்கம் அணுமின் நிலைய ஸ்டாஃப் பஸ். ஒடித்துக் கால்வாயில் இறக்கிவிட்டான்.

அவனுக்குக் கால் முறிந்தது. வச்சலா அக்காவுக்கு இடுப்பு. டேஷ்போர்டுக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் கத்தினாளாம். ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்தினார்கள். எதற்கு? கொட்டிக் கிடந்த வஞ்சிரத்தையும் சங்கராவையும் அள்ளுவதற்கு. ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றி அதில் அள்ளினான். ஸ்டாஃப் பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கி வந்துதான் கதவை உடைத்தார்கள்.

வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறது. தார்ப்பாயையும் கூடைகளையும் மட்டும் யாரோ கொண்டுவந்து நம் வாசலில் போட்டுப் போனார்கள். கழுவிக் கழுவி ஊற்றுகிறேன், அழுகல் நாற்றம் போகவில்லை. ஈ சோற்றுப் பானையில் உட்காருகிறது. கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உன் மாமா வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறான்: "என் மச்சான் கையாலயே ஒரு டப்பா செஞ்சி மாட்டினான்பா. கூலிங்காம். அது புடுங்கிகினு பூட்ச்சி. இன்னா பண்றது, நம்ம நேரம்."

கேட்கிறவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் உன் அக்காவாம்.

வச்சலா அக்காவைப் பார்க்க ஆஸ்பத்திரிப் பக்கம் வந்துவிடாதே. அவள் முகத்தில் நீ விழிக்க வேண்டாம்.

பானுமதி

*

செங்கல்பட்டு
06.07.2024

அக்கா,

வராதே என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே போகாதே என்று நீ எழுதவில்லை.

நான் செய்த 'டப்பா' என்ன என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குத் தள்ளும்போது காற்று சூடாகிறது. சூட்டுக் காற்றில் வண்டி இழுக்காது. அதை வழியிலேயே ஆறவைத்துக் கொடுப்பது இன்டர்கூலர். புது வண்டிகளில் கம்பெனியே வைத்துவிடும். மாமாவின் பழைய வண்டியில் அது இல்லை. "மச்சான், வெயில் ஏறிச்சின்னா நாய் மாரி மூச்சு வாங்குதுடா. நான் போய்ச் சேர்றதுக்குள்ள மார்க்கெட்ல பாதி வியாபாரம் முடிஞ்சி பூடுது" என்று வந்து நின்றது அவர்தான்.

எடைக்குப் போட வைத்திருந்த ஒரு லாரி இன்டர்கூலரை ஏசுபாதம் அண்ணன் கொடுத்தார். கடை அவருடையது, கைவேலை என்னுடையது. அந்த வண்டி மூஞ்சிக்கு ஏற்றபடி அதை அறுத்து, இரண்டு பக்கமும் அலுமினியத் தகட்டில் பெட்டி கட்டி ஆர்கான் வெல்டிங் வைத்தேன். குழாய் முனை வழவழவென்று இருந்தால் அதன்மேல் மாட்டும் ரப்பர் ஹோஸ் நிற்காது, காற்று தள்ளித் தள்ளி நழுவிவிடும். அதனால் ஒவ்வொரு முனையிலும் சுற்றிலும் வெல்டிங்கில் ஒரு மேடு போட்டு அரத்தால் ராவினேன். ஹோஸ் அந்த மேட்டைத் தாண்டி ஏற வேண்டும். கிளாம்ப் மேட்டுக்கு அப்பால் இறுக வேண்டும். எஞ்சின் ஆடும்போது குழாய் பின்வாங்காமல் இருக்க, இரண்டு குழாயையும் சேர்த்துப் பிடிக்க ஓர் இரும்புப் பட்டை. எல்லாம் மாட்டியபின் பங்க்சர் கடையில் காற்று ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மாமா பக்கத்திலேதான் நின்றார்.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். வண்டிக்குப் பக்கத்திலேயே போக முடியவில்லை. இடுக்குகளில் மாட்டிக்கொண்ட மீன் அழுகிப் புழு வைத்திருக்கிறது. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பானெட்டைத் தூக்கினேன். பெட்டி அப்படியே இருக்கிறது. ஒரு வெல்டிங்கும் விடவில்லை. எஞ்சின் பக்கத்து ஹோஸ் கழன்று தொங்குகிறது. அதற்குள் விரலை விட்டேன். கிரீஸ். உள்ளே சுற்றிலும் வழித்துத் தடவியிருக்கிறது. என் கையில் கிரீஸும் மீன் ஊனும் சேர்ந்து வந்தது.

ஹோஸை ஏற்றக் கஷ்டமாக இருக்கும்போது கிரீஸ் தடவினால் சுலபமாக ஏறும். அதே சுலபத்தில் இறங்கும். கிளாம்ப் மேட்டின் தலைமேலேயே உட்கார்ந்திருந்த தடம் தெரிகிறது. இரும்புப் பட்டையைக் காணோம். அடித்துக்கொண்டு போகவில்லை, போல்ட்டைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். டர்போவில் காற்றின் அழுத்தத்தைக் கூட்டும் நட்டு ஒன்று இருக்கிறது. அதைக் காட்டி, "மாமா, இத்த மட்டும் தொடாத" என்று சொல்லி மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டிருந்தேன். கோடு விலகியிருக்கிறது. கொஞ்ச நஞ்சம் இல்லை. கூடின அழுத்தம்தான் கிரீஸ் தடவிய ஹோஸைத் தள்ளிவிட்டது.

என்னை வீட்டுக்குள் விடாதே. பரவாயில்லை. ஆனால் இதை யார் செய்தார்கள் என்று உன் புருஷனைக் கேள்.

சரவணகுமார்

*

புதுப்பட்டினம்
11.07.2024

குமாரு,

கேட்டேன்.

"போலீஸ் ஸ்டேஷன்ல வண்டி நிக்கிது. எவன் எவனோ கை வச்சிருப்பான். உன் தம்பி தப்பிக்கிறதுக்கு கிரீஸு, நட்டுன்னு கதை உட்டுகினு கீறான். நீ அத்த என்னாண்ட எடுத்துகினு வர" என்றான். அத்தோடு தட்டைத் தள்ளிவிட்டான்.

எனக்கு உன் மேட்டையும் கிளாம்பையும் பற்றித் தெரியாது. ஐஸ் கம்பெனியில் எத்தனை பெட்டி மீனுக்கு எத்தனை பார் ஐஸ் என்று கணக்கு எழுதுகிறவள் நான். ஆனால் ஒன்று தெரியும். அவன் உடைந்த காலோடு படுத்திருக்கிறான், நீ முழுக்காலோடு போய்ப் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து, உன் கைவேலை எவ்வளவு சுத்தம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். வச்சலா அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை. உன் வெல்டிங் விடவில்லை என்பதில் உனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் கடிதத்தை மடித்து வைக்கக்கூட அருவருப்பாக இருந்தது. அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எழுதாதே.

பானுமதி

*

செங்கல்பட்டு
22.07.2024

அக்கா,

எழுதாதே என்றாய். எனக்காக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

நேற்றுக் கடைக்குத் திருவேங்கடம் வந்தார். உங்கள் தெருவில் இன்னொரு மீன் வண்டி ஓட்டுகிறாரே, அவர்தான். தன் வண்டிக்கும் இதேபோல இன்டர்கூலர் வேண்டும், பெட்டியை மட்டும் செய்து கொடு என்றார். "மாட்றத நம்ம மாரியே பாத்துக்கறேன்னு சொல்ட்டான். ரெண்டு மூணு வாட்டி புடுங்கிச்சாம், ரோட்லயே நிறுத்தி அவனே திரும்ப மாட்டிப்பானாம். கை பழகிப் போச்சுன்றான்" என்று சிரித்தார். என் முகம் மாறியதை அவர் பார்க்கவில்லை.

ரோட்டிலேயே அவரே திரும்ப மாட்டிக்கொண்டாராம். படித்தாயா?

நான் செய்ய மாட்டேன் என்றேன். "ஏன், உன் மாமன் மேல கோவமா? வேற கடை இல்லையா" என்று கிளம்பிவிட்டார். பெட்டியை எவனும் செய்து தருவான். அதை மாட்டப்போவது யார் என்பதுதான் விஷயம். அவர் வண்டியில் பின்னால் கூடைகளோடு எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்று ஐஸ் கம்பெனி வாசலில் நிற்கும் உனக்குத் தெரியும்.

நீ என்னை வெறு. ஆனால் உன் கண்ணால் ஒருமுறை போய்ப் பார்.

வச்சலா அக்கா எப்படி இருக்கிறார்கள்? நீ சொன்னது சரி, நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

சரவணகுமார்

*

புதுப்பட்டினம்
29.07.2024

குமாரு,

பார்த்தேன்.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தபோது மாரி வீட்டில் இல்லை. திருவேங்கடம் வீட்டுப் பின்பக்கம் ஒரு ஸ்டூலில் கட்டுக் காலை வைத்துக்கொண்டு, வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து நின்றான். புதுப் பெட்டி, புதுக் குழாய், எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஒரு ஹோஸ் மட்டும் பாக்கி. ஏறவில்லை போலிருக்கிறது, திட்டிக்கொண்டிருந்தான். பிறகு கையைப் பின்னால் நீட்டினான். திருவேங்கடம் டப்பாவைக் கொடுத்தார். மாரி இரண்டு விரலால் கிரீஸை வழித்து ஹோஸுக்குள் சுற்றிச் சுற்றித் தடவினான். சர்ரென்று ஏறியது. "பாத்தியா அண்ணாத்த, அல்வா மாரி ஏறுது" என்றான்.

நான் பின்னால் நிற்கிறேன். திரும்பிப் பார்த்தவன் கையைக் கைலியில் துடைத்தான்.

"இன்னா?" என்றான்.

"நம்ம வண்டியிலயும் இப்டித்தான் ஏத்தினியா?"

"எல்லாரும் அப்டித்தான் ஏத்துவாங்க."

"பட்டை எங்க? குமாரு ஒரு பட்டை போட்டிருந்தானே."

"அது லொடலொடன்னு சத்தம் குடுத்துகினு இருந்துச்சி. கழட்டிட்டேன். அதுக்கு இன்னா இப்போ?" பிறகு குரலைத் தாழ்த்தி, "வூட்டுக்குப் போ. இங்க வச்சிப் பேசாத" என்றான்.

இப்போதும் பொய் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவனுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. கழற்றினான், மாட்டினான், ஓட்டினான். அவனைப் பொறுத்தவரை கதை அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஐஸ் கம்பெனி வாசலில் திருவேங்கடம் வண்டி வந்து நின்றது. பெண்கள் கூடையை ஏற்ற ஆரம்பித்தார்கள். நான் போய் முன்னால் நின்றேன். "யாரும் ஏறாதீங்க. வச்சலா அக்கா இடுப்ப ஒடிச்ச வேலையத்தான் என் வூட்டுக்காரரு இந்த வண்டியிலயும் செஞ்சி வச்சிகீறாரு. நேத்து என் கண்ணால பாத்தேன்" என்றேன். மாரி ஊன்றுகோலோடு வந்து எல்லார் முன்னாலும் என்னைச் சொன்னதை எழுத மாட்டேன். பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையை இறக்கினார்கள். திருவேங்கடம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கழட்டிர்றேன்மா, சத்தம் போடாதீங்க" என்றார்.

அங்கிருந்து நேரே வச்சலா அக்கா வீட்டுக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். படுக்கையோடு இருக்கிறாள். எல்லாவற்றையும் சொல்லி அவள் காலைப் பிடித்துக்கொள்ளலாம் என்று போனேன். சொல்ல ஆரம்பித்ததுமே, "தெரியும்" என்றாள்.

"எனக்குத் தெரியாதா? பக்கத்துலதான குந்தினு இருந்தேன். முன்னாடியும் அப்டித்தான் 'புஸ்'ஸுன்னும். எறங்கி கிரீஸ எடுத்துத் தடவி மாட்டிட்டு, அதே கையால நாஸ்தா பொட்டலத்தப் பிரிப்பான். நல்லா கழுவுடான்னு சொல்வேன். கிரீஸு கெட்டதுன்னு எனக்கு இன்னா தெரியும், கை அழுக்குன்னுதான் சொன்னேன்."

"அப்புறம் ஏன்க்கா போலீஸாண்ட சொல்லல?"

"மருந்து மாத்திரைக்கெல்லாம் மாரிதான் ஆள் அனுப்பிகினு கீறான். சொன்னா அதுவும் நின்னுடும். வேற யாரு கீறா எனக்கு?" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். "எங்க வண்டிதான் மொதல்ல மார்க்கெட்டுக்குப் போவுதுன்னு ஐஸ் கம்பெனியில நின்னு சிரிச்சிகினு இருந்தியே பானு. எப்டிப் போவுதுன்னு கேட்டியா?"

வீட்டுக்கு வந்து அவள் கூடையை மறுபடி கழுவினேன்.

உனக்கும் ஒரு கேள்வி. தொடாதே என்று சொல்வதற்கு அந்த நட்டை எதற்குக் காட்டினாய்? வேகம் என்றால் வாயைப் பிளக்கிறவனிடம், இதைத் திருகினால் இன்னும் வேகமாகப் போகும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, மேலே மஞ்சள் கோடு போட்டாயாம். காட்டாமலே இருந்திருந்தால் அவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்குமா? நீ எச்சரிக்கவில்லை. பெருமை அடித்துக்கொண்டாய்.

பானுமதி

*

செங்கல்பட்டு
03.08.2024

அக்கா,

உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்ததும் கடையில் எழுந்து நின்றுவிட்டேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. ஏசுபாதம் அண்ணனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டலாமா என்றுகூட நினைத்தேன். வச்சலா அக்கா சொன்ன இடத்துக்கு வந்ததும் உட்கார்ந்தேன்.

நட்டைப் பற்றிக் கேட்டாய். நீ எழுதியிருப்பது சரி. அன்றைக்கு வண்டியை ஓட்டிப் பார்த்து வந்து மாமா, "டேய் மச்சான், பறக்குதுடா" என்றபோது எனக்கு அப்படி இருந்தது. இன்னும் பறக்கும் என்று காட்ட ஆசை. காட்டினேன்.

நேற்று திருக்கழுக்குன்றம் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹோஸ், பட்டை, நட்டு, கிரீஸ், எல்லாவற்றையும். நட்டைக் காட்டியது நான் என்பதையும் எழுதினேன். எழுதி வாங்கியவர், "உனக்கும் கேஸ் வரும் தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். மாமாவைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். உன் வீட்டு வாசலுக்குப் போலீஸ் வரும். அதற்கு உன்னிடம் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் எழுத விடமாட்டாயோ என்று பயந்தேன்.

வச்சலா அக்காவின் மருந்துக்கு இனி மாமாவின் ஆள் போக வேண்டாம். என் வேலை முடிந்து வாரத்தில் ஒருநாள் நானே கொண்டுவருகிறேன். உன் தெருவழியாக வர மாட்டேன். கடற்கரைப் பக்கம் சுற்றி வருகிறேன். அவர்கள் என்னைப் பார்க்க விரும்பாவிட்டால் வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன்.

சரவணகுமார்

*

புதுப்பட்டினம்
18.08.2024

குமாரு,

போலீஸ் வந்தது. மாரி முதலில், நான் மாட்டவில்லை என்றான். திருவேங்கடத்தையும் கூப்பிட்டார்கள் என்று தெரிந்ததும், ஆமாம் நான்தான் மாட்டினேன் என்று சொல்லிவிட்டான். கேஸ் நடக்கும். நம் சொந்தத்தில் பாதிப் பேர் என்னிடம் பேசுவதில்லை. புருஷனைக் காட்டிக் கொடுத்தவளாம். மீதிப் பேர் பேசுகிறார்கள். பேசாமல் இருந்தால் தேவலை.

பெண்கள் இப்போது எந்த வண்டியிலும் ஏறுவதில்லை, பஸ்ஸில்தான் போகிறார்கள். எனக்கு லீவு நாளில் வச்சலா அக்காவின் கூடையை எடுத்துக்கொண்டு நானும் போகிறேன். அவள் இடத்தில் உட்கார்ந்து விற்கிறேன். பஸ்ஸில் மூக்கைப் பொத்துகிறார்கள். ஒரு பெண் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். கண்டக்டர், "கூடைய பின்னாடி தள்ளு, நாறுது" என்றார். தள்ளினேன். எனக்குக் கோபம் வரவில்லை. மீன் நாற்றம் கழுவினால் போய்விடும்.

நீ போன வாரம் வந்து மருந்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியதை வச்சலா அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாளாம். "வந்தவன் உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போகக் கூடாதா? நான் இன்னா எழுந்து வந்து அடிக்கவா போறேன்" என்றாள். அதை உனக்கு எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். நான் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. உன்மேல் எனக்கு இருப்பது இன்னும் போகவில்லை. எப்போது போகும் என்று தெரியவில்லை.

மாரிக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். வீட்டுக்குள் நொண்டி நொண்டி நடக்கிறான். சோறு போடுகிறேன். பக்கத்தில் உட்காருவதில்லை. அவன் பிசைந்து சாப்பிடும்போது அந்த விரல்களைப் பார்க்க முடியவில்லை, எழுந்து போய்விடுகிறேன். நேற்று மத்தியானம் தட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தினி நாளிக்கு என் மூஞ்சியப் பாக்காம இருக்கப் போற?" என்று கேட்டான்.

"வச்சலா அக்கா எழுந்து நடக்கிற வரிக்கும்" என்றேன்.

அவன் தட்டைக் கீழே வைத்தான். இனி அவள் எழுந்து நடக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னபோது அவனும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

பானுமதி